பின் சீட்டுக்கு அடியில் ஒரு பம்ப்

பெட்ரோல் பம்ப் மாட்டுகிற தொழிலில் கைக்கு முன்னால் மூக்கு வேலை செய்ய வேண்டும். சளி பிடித்த அன்று நான் பட்டறையைத் திறப்பதில்லை. தாய்லாந்து எல்லைக்குத் தெற்கே, எங்கள் குருண் ஊரில் என்னிடம் வருகிற கார்களில் பாதி, பிறந்தபோது இருந்த சக்தியைப்போல இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டவை. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரர்களே, இந்த ஒரு காரின் கதையைக் கேளுங்கள்.

பெரிசுதான் வேணும்

தினேஷ் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில், சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, அதில் இன்னும் பெரிய டர்போவை வைத்து, நானூறு குதிரைத்திறனைத் தாண்டிவிட்டேன் என்று வந்து நின்றான். கையில் இணையத்தில் வாங்கிய பம்ப். டப்பாவில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தால் ஒரு லோரிக்கே போதும்.

டப்பாவில் இருக்கிற எண்ணை நம்பாதே என்றேன். டர்போவின் அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளுகிற எண்ணெய், பெட்ரோலைத்தான் சொல்கிறேன், குறையும். குறைந்தால் இன்ஜின் காய்ந்து ஓடி பிஸ்டன் உருகும். அதற்காகக் கண்மூடித்தனமாகப் பெரிதை மாட்டினால், காரோடு வந்த மெல்லிய வயர் அதைத் தாங்காது. எந்த எண்ணெய் ஊற்றுவாய் என்று கேட்டேன். நம்ம ஊர் தொண்ணூற்றேழு ஆக்டேன் பெட்ரோல்தான் என்றான். அதை நம்பித்தான் கணக்குப் போட்டேன். அவன் கொண்டுவந்ததைவிடச் சிறிய பம்ப் போதும் என்றதும் முகம் தொங்கிவிட்டது.

"பெருசா மாட்டிட்டா பிரச்சினையே இல்லலா, அண்ணே. கம்மியா இருந்தாத்தானே பயம்?"

கற்பூரம்

பின் சீட்டைக் கழற்றி, அதற்கு அடியில் இருக்கும் டாங்கி மூடியைத் திறந்துவிட்டால் எங்கள் பட்டறையில் செல்போன்கூட ஒலிக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவோம். அன்று என் தலை காருக்குள், கை டாங்கிக்குள். வெளியே தேங்காய் உருட்டுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், தினேஷ் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தட்டில் கற்பூரத்தோடு பின் கதவருகே நிற்கிறான். கையில் லைட்டர்.

டாங்கிக்குள்ளிருந்து கையை உருவப் பார்த்தேன். தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு, ஒரு தூசு விழுந்தால் அபாய மணி அடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிற பையன் இவன். வயரிங் பார்க்கும் என் கூட்டாளி குமரேசன்தான் பின்னாலிருந்து வந்து, சத்தம் போடாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்து, லைட்டரை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்கு நாளைக்கும் நேரம் இருக்கு, தம்பி. கொளுத்திட்டா நமக்குத்தான் இருக்காது."

எடுக்க வந்த அன்று

சிறிய பம்பையே மாட்டி, பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்து, ஓட்டிப் பார்த்து முடித்தோம். காரை எடுக்க மனைவி கவிதாவையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளையின் இருக்கையைப் பின் சீட்டில் மாட்டியபடியே, பம்ப் எங்கே இருக்கிறது என்று கவிதா கேட்டாள். அந்தச் சீட்டுக்குக் கீழேதான் என்றேன். அவள் கை நின்றுவிட்டது. நன்றாக மூடியிருக்கிறேன், யாரும் திறக்காதவரை பயமில்லை என்றேன்.

"சரி அண்ணே. வாடை வந்துச்சுன்னா அவரைக் கேக்க மாட்டேன், உங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

போன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கவிதா கூப்பிட்டாள். தாய்லாந்து எல்லையைத் தாண்டி, அங்கே டானோக் ஊரில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் சங்லூன் தாண்டியாயிற்று. காருக்குள் பெட்ரோல் வாடை, பிள்ளை இருமுகிறது. டானோக்கில் என்ன எண்ணெய் என்றேன். எத்தனால் கலந்தது, தினேஷின் கூட்டாளிகள் சொன்னார்களாம், பவர் ஏறுமாம். அந்த எண்ணெய்க்குப் பம்ப் இன்னும் நிறையத் தள்ள வேண்டும். அவன் பெரியதையே கேட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. நேற்று ஒரு நண்பன் வீட்டில் பின் சீட்டைக் கழற்றி ஏதோ செய்தார்கள் என்றும் சொன்னாள்.

"உடனே ஓரமா நிறுத்தச் சொல்லுமா. இன்ஜினை அணைச்சிட்டு எல்லாரும் இறங்கித் தூரமாப் போங்க" என்றேன். பின்னணியில் தினேஷின் குரல் கேட்டது. அதோடு லைன் அறுந்துவிட்டது.

"கொஞ்ச தூரம்தானே, ஜன்னலை இறக்கு. அண்ணன் எப்பவும் இப்படித்தான் பயமுறுத்துவாரு."

நெடுஞ்சாலை

குமரேசனை ஏற்றிக்கொண்டு வேனை வடக்கே விட்டேன். கவிதாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. தினேஷுடையதும் அப்படியே. அலோர்ஸ்டார் நகரைத் தாண்டினோம். எங்கே பார்த்தாலும் வயல், வெட்டவெளி. குமரேசன் கண்ணாடிமேல் சாய்ந்து தூரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எதைத் தேடுகிறார் என்று நான் கேட்கவில்லை. நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

"புகை ஒண்ணும் தெரியலண்ணே."

சாலையோரம்

ஜித்ராவுக்கு இந்தப் பக்கம் கார் நின்றிருந்தது. இரும்புத் தடுப்புக்கு அப்பால், வெகுதூரம் தள்ளி, கவிதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். போன்கள் காருக்குள். நிறுத்தாவிட்டால் கதவைத் திறப்பேன் என்று கைப்பிடியைப் பிடித்தாளாம். அதற்குப் பிறகுதான் தினேஷ் நிறுத்தியிருக்கிறான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். டாங்கி மூடியைச் சுற்றியுள்ள குழியில் பெட்ரோல் தேங்கி நின்றது. உள்ளே அவன் வாங்கிய பெரிய பம்ப். டாங்கி மூடியின் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறினால் உப்பிவிடும், திறந்தால் புதியதுதான் போட வேண்டும். இவர்கள் பழையதையே திணித்து அமுக்கியிருந்தார்கள். டாங்கி பாதியாக இருந்தவரை தெரியாத கசிவு, டானோக்கில் முழுக்க நிரப்பியதும் வழிந்துவிட்டது. எங்கள் தடித்த வயர் புதுப் பம்பின் பிளக்கில் நுழையவில்லை என்று பழைய மெல்லிய வயரையே கோத்திருந்தார்கள். அது பெட்ரோலுக்கு மேலேயே பழுப்பேறி இளகிக் கிடந்தது. தினேஷ் எட்டிப் பார்த்துவிட்டு, பவர் மட்டும் தரமா இருந்துச்சுண்ணே என்றான். அவனை அறைந்திருப்பேன். அதற்குள் கவிதா பிள்ளையைக் குமரேசனிடம் கொடுத்துவிட்டுக் கார் அருகே வந்தாள். குழியையும் வயரையும் பார்த்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இனிமே எந்தப் பம்ப்னு என்னைக் கேளுங்கண்ணே. அதுமேல உக்கார்றது நானும் பிள்ளையும்தான்."

குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன்னால் பின் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்கிற பட்டறை அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் என்னுடையது ஒன்றுதான்; அந்தக் கேள்விக்கே கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு.