துண்டு போட்டுப் பிடித்த இடம்

தினமும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஜீப்பு நிற்பதற்குள் சீட்டில் துண்டை எறிந்து இடம் பிடித்துவிட்டு, டீ குடிக்கப் போவது எங்கள் வழக்கம். யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

மெல்போர்னில் இருக்கும் மகனைப் பார்க்க மனைவியோடு கிளம்பினேன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் சிங்கப்பூரில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தோம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூட்டம் சேர்ந்துவிடுமே என்று இரண்டு நாற்காலிகளில் பையையும் துண்டையும் போட்டுவிட்டு டீ தேடிப் போனோம்.

திரும்பி வந்தால், நாற்காலிகளைச் சுற்றி நாடா கட்டிப் போலீசார் நின்றார்கள். பாஸ்போர்ட் பைக்குள். விமானத்திலோ ஆட்களை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"உங்க பையா?" தமிழிலேயே கேட்டார் ஒரு அதிகாரி.

"ஆமா சார். இடம் பிடிக்கப் போட்டேன்."

"டிக்கெட்லயே சீட் நம்பர் இருக்கே?"

"அது பிளேனுக்கு சார். இது அதுவரைக்கும் உக்கார."

மனைவி பல்லைக் கடித்தாள். "போடிமெட்டு ஜீப்புன்னு நெனச்சீகளா? புள்ள மூஞ்சியப் பாக்க விடுவீகளா, மாட்டீகளா?"

பையைத் துழாவியவர்கள், என் பழைய லுங்கிகளைத் தவிர ஆபத்தாக எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஓடிப்போய்க் கடைசி ஆளாக ஏறினோம்.

இப்போது எங்கே போனாலும் பையும் துண்டும் என் தோளைவிட்டு இறங்குவதில்லை. அதனால் போடி ஜீப்பில் மட்டும் தினமும் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறேன்.