கதவுக்குப் பின்னால் காயாத துணி

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என் மாப்பிள்ளையின் ஜட்டி ஒன்றைக்கூட நான் கொடியில் பார்த்ததில்லை. ஜட்டி என்று சொன்னால் என் மகள் முகத்தைச் சுளிப்பாள். சுளித்துக்கொள்ளட்டும். அதற்குப் பெயர் அதுதான், கதையும் அதில்தான் இருக்கிறது.

எங்களுக்கு மூன்றாவது மாடியில் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, திரும்பினால் தோள் இடிக்கிற குளியலறை. வெளியே ஓர் ஆள் அகலத்துக்குப் பால்கனி. அங்கே இரண்டு நைலான் கொடி, அதற்குக் கீழே என் பிளாஸ்டிக் நாற்காலி. மூட்டு வலியோடு வேறு எங்கே போவது? காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பேன். கொடியில் எதைக் காயப்போட்டாலும் அது என் தலைக்கு மேல்தான் தொங்கும். மகளின் புடவை தொங்கும், போர்வை தொங்கும், மாப்பிள்ளையின் நீல யூனிஃபார்ம் தொங்கும். அது மட்டும் தொங்காது. மாமியார் தலைக்கு மேல் அதைத் தொங்கவிட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. கீழ்வீட்டுக்காரியிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், எங்கள் வீட்டு மாப்பிள்ளை போல மரியாதை தெரிந்தவர் இந்தத் தெருவிலேயே இல்லை என்று. எங்கே காயப்போடுகிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி. அதில் ஜட்டியை மாட்டி, அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டு மூடிவைப்பார். அங்கே வெயிலும் வராது, காற்றும் வராது. காலையில் கொஞ்சம் ஈரத்தோடேயே எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருக்கு ஒரு கிடங்கில் வேலை. முன்பக்கம் இரண்டு இரும்புக் கரம் நீட்டிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கி அடுக்குமே, ஃபோர்க்லிஃப்ட், அந்த வண்டியை ஓட்டுவார். பதினோரு வருடம் ஓட்டியும் ஒப்பந்தத்தில்தான். தகரக் கூரை, ரெக்சின் சீட்டு, பாலியஸ்டர் பேன்ட். எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தால் உடம்பு வெந்துபோகும். வீட்டுக்கு வந்து பேன்டைக் கழற்றினால் பிழிந்து எடுக்கலாம் என்பாள் மகள்.

போன மழைக்காலத்தில் தொடை இடுக்கில் அரிப்பு வந்திருக்கிறது. முதலில் வட்டமாகச் சிவந்த படை. பிறகு அதன் ஓரத்தில் மிளகு மாதிரி ஒரு கட்டி. யாரிடம் சொல்வார்? பெண்டாட்டியிடம் சொல்லலாம் என்றால், குசுகுசுவென்று பேசினாலும் அறையை மறித்துக் கட்டிய திரைக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருக்கிறேன். முடியால்தான் அரிக்கிறது என்று அவராகவே முடிவு செய்து, தாடி மழித்த பழைய பிளேடால் அங்கேயும் மழித்திருக்கிறார். வெட்டின முடி திரும்பத் தோலுக்குள்ளேயே வளர்ந்து குத்த, ஒன்றாக இருந்த கட்டி மூன்றானது. பவுடரைக் கொட்டினார். அது வேர்வையில் குழைந்து, ஒட்டின இடத்தையும் புண்ணாக்கியது.

கிடங்கில் வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடுகிற ஒருவன் உண்டு. பேட்டரி என்றேதான் அவனைக் கூப்பிடுவார்கள். இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வண்டி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அவன் ஒரு களிம்பு கொடுத்தான். மூன்று நாளில் அரிப்பு போன இடம் தெரியவில்லை. களிம்பை நிறுத்தினார். பத்தாம் நாள் படை இரண்டு மடங்காகத் திரும்பியது. மறுபடியும் களிம்பு, மறுபடியும் படை. மருந்துக்கடைக்காரன் எதற்கு என்றுகூடக் கேட்காமல் புதுக் குழாயை எடுத்து நீட்டினான். அதை இவர் ஷூவுக்குள் ஒளித்துவைத்தார். அதற்குள் கிடங்கில் அவருக்கு ‘சாய்வு’ என்று பெயர் விழுந்துவிட்டது. ‘சாய்வு வந்துட்டார், பெட்டியெல்லாம் நேரா அடுக்குங்கப்பா’ என்று கேலி செய்வார்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பாராம்.

இந்த நிலையில்தான் கம்பெனி ஐந்து பேரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவித்தது. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், உடல் பரிசோதனையில் தேற வேண்டும். இவருக்கு முப்பத்தொன்பது முடிய ஐந்து மாதம் இருந்தது. பதினோரு வருடம் இதற்காகத்தான் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் வெந்தார். வரிசையில் அவர் பெயர்தான் முதல் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். என் மகள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

பேட்டரிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. போன தடவை பரிசோதனையில் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி, குடலிறக்கம் இருக்கிறதா என்று பார்க்க இருமச் சொன்னார்களாம். ஒருவனுக்கு அங்கே ஏதோ புண் இருந்ததாம். கெட்ட நோய் என்று எழுதி அனுப்பிவிட்டார்களாம், சாயங்காலத்துக்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டதாம். நிஜமோ பொய்யோ, இவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

பரிசோதனை நாள் மகள் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். “போயிட்டு வர்றேன் அத்தை” என்றார். “நல்லபடியா முடிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை” என்றேன். பால்கனியிலிருந்து தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பக்கமாகத்தான் நடந்து போனார். சாயங்காலம் வந்து, கண்ணும் காதும் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னார். நாங்களும் நம்பினோம்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. ஆற்றாமையில் மகள் பேட்டரிக்குப் போன் போட்டாள். அவன் ஒரே வரியில் சொன்னான். “அக்கா, அவர் டெஸ்டுக்கே வரலையே.”

போனை வைத்துவிட்டு நேராகப் போய் ஷூவை எடுத்து வந்து அவர் முன்னால் கவிழ்த்தாள். குழாய் கீழே விழுந்தது. அவளுக்கு அது எப்போதோ தெரியும்போல.

“அன்னிக்கு எங்க போனீங்க?”

“பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன்.”

“யார் கூட?”

“யாருமில்ல. தனியாதான்.”

அவள் மனது எங்கே போனது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்தது. குளியலறைக்குள் போய்க் கட்டியை நகத்தால் பிதுக்கியிருக்கிறார். இரண்டாம் நாள் காய்ச்சல். தொடை வீங்கிச் சிவந்து, கால் எடுத்து வைக்க முடியவில்லை.

மருத்துவமனைக்கு நானும் போனேன். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. டாக்டர் ஒரு பெண். அத்தையை வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று அவர் கெஞ்ச, நான் திரைக்கு வெளியே நின்றேன். காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

டாக்டர் அவசரப்படாமல் கேட்டாள். வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, விரல் இடுக்கில் சொறி உண்டா? இல்லை. சோப்பு மாற்றினீர்களா? இல்லை. வேறு யாருடனாவது பழக்கம் உண்டா? இல்லவே இல்லை. என் மகள் மூச்சு விட்ட சத்தம் திரையைத் தாண்டிக் கேட்டது. எதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை.

“உள்ளாடைய எங்க காயப்போடுறீங்க?”

“பாத்ரூம் கதவுக்குப் பின்னால.”

“வெயில் படுமா?”

“படாது.”

“வெளிய போட்டா என்ன?”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அங்க அத்தை உக்காந்திருப்பாங்க.”

திரையைப் பிடித்துக்கொண்டேன். கீழ்வீட்டுக்காரியிடம் நான் பெருமையடித்துக்கொண்ட மரியாதை அதுதான்.

இது படைதான், ஈரமும் வேர்வையும் வளர்த்தது, கட்டி முடி உள்ளே வளர்ந்து சீழ் பிடித்தது என்றாள் டாக்டர். அந்தக் களிம்பு அரிப்பைத் தூங்கவைத்துவிட்டுக் கிருமிக்குச் சோறு போடுமாம். சீழை அவளே கீறி எடுத்தாள். இனி மழிக்கக் கூடாது, பிதுக்கக் கூடாது. சின்னக் கட்டி வந்தால் வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் வைத்து ஒற்றி எடு, நாளுக்கு மூன்று நான்கு தடவை. குளித்ததும் இடுக்கை ஒற்றித் துடை, தளர்ந்த பருத்தித் துணி போடு, துண்டைத் தனியாக வை. படை மருந்தை அரிப்பு நின்ற பிறகும் சொன்ன நாள் வரைக்கும் பூசு. காய்ச்சலோ, பரவுகிற சிவப்போ கண்டால், இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால், வெட்கப்படாமல் வந்துவிடு. கடைசியாக ஒன்று சொன்னாள். “முதல்லயே வந்திருந்தா ஒரு மாசத்துல போயிருக்கும். இதுக்காக எந்த டாக்டரும் உங்களை வேலைக்கு ஆகாதுன்னு எழுதியிருக்க மாட்டார்.”



படை அடங்க ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, கம்பெனி புதுப்பிக்கவில்லை. அடுத்த தடவை எப்போது ஆள் எடுத்தாலும் அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். இப்போது வேறொரு கிடங்கில் தினக்கூலிக்கு அதே மாதிரி வண்டி ஓட்டுகிறார், அதே மாதிரி ரெக்சின் சீட்டு. ‘சாய்வு’ என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

நான் என் நாற்காலியைப் பால்கனியிலிருந்து எடுத்துச் சமையலறை வாசலில், சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டேன். மகள் எத்தனை முறை சொல்லியும் திரும்பிப் போகவில்லை. கொடி முழுக்க உங்களுக்குத்தான் மாப்பிள்ளை என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னேன்.

மறுநாளிலிருந்து கொடியில்தான் போடுகிறார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அதன்மேல் துண்டை விரித்து மூடிவிடுகிறார். வெயிலெல்லாம் துண்டின்மேல்தான் விழுகிறது. நான் துண்டை எடுத்து மடித்துவைத்தால், அவர் வந்து ஒன்றும் சொல்லாமல் துணியையே எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்.

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது கவனித்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தார்.