கேப்டனும் கேம்ப் பஸ்ஸும்

எங்கள் கம்பெனி பஸ்ஸின் ஹாரன், தொண்டை கட்டிய கழுதை மாதிரி கத்தும். தொண்ணூறுகளில் சவூதியின் அல் கோபாரில் வேலை பார்த்தபோது கேட்ட ஓசைகளில் அது ஒன்றைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. கூடவே எங்கள் கேப்டனும் நினைவுக்கு வந்துவிடுவார்.

திருவாரூர்ப் பக்கத்துக்காரர். சைட்டில் கம்பி கட்டும் வேலை. வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் கேம்ப் ஃபுட்பால் டீமுக்குக் கேப்டன். எத்தனையோ வருடம் ஆடியும் கேம்ப்களுக்கு இடையிலான கோப்பையை அவர் தொட்டதே இல்லை. அந்த வருடம் ஃபைனலுக்கு வந்துவிட்டோம். மறு வாரம் அவர் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்; இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தானா பழைய ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் லீவில் விமானம் ஏற வேண்டும்! என்னத்தைச் சொல்ல, வருடா வருடம் இதே கூத்து. ஒருவனைத் தேற்றி எடுப்பதற்குள் அவனுக்கு லீவு வந்துவிடும். மறுபடி புது விசாவில் வந்தவர்களை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலுத்துப்போகும்.

அந்த முறை வந்தவர்கள் குமரிக் கடற்கரைப் பையன்கள். மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள். பந்து அவர்கள் சொன்னபடி கேட்கும். ஆனால் வந்து சில மாதம்தான். ஹாரன் அடித்தால் ஓடி ஏற வேண்டும், தவறவிட்டால் பாலைவனத்தில் நிற்க வேண்டும் என்று சைட்டில் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில்தான் அந்த பஸ்ஸும் நிற்கும். "டிரைவர் பாய் சும்மா அடிப்பாருடா, கண்டுக்காதீங்க" என்று கேப்டன் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருந்தார்.

ஆட்டம் முடியும் நேரம், இரண்டு டீமுக்கும் ஆளுக்கு ஒரு கோல். பஸ்ஸின் முன்னால் நின்ற யாரையோ விலகச் சொல்லி டிரைவர் ஹாரனை அமுக்கினார். பின்னால் தடுத்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு பையன்களும், "அண்ணே, வண்டி போயிரும்!" என்று கத்தியபடி பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள். கோல் காத்தவன் நான். தனியாக என்ன செய்ய? பந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது, கோப்பையும் அதோடு போனது.

பையன்கள் அடி விழும் என்று ஒதுங்கி நின்றார்கள். கேப்டன் மணலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். "விடுங்கடா. மொத வருசம் எல்லாருக்கும் காது பஸ்ஸுலதான் கெடக்கும். கலாஸ், முடிஞ்சு போச்சு" என்றார். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

மறு வாரம் அதே பஸ்தான் அவரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக வந்தது. அந்தப் பையன்கள்தான் பெட்டியை ஏற்றினார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாரன் அடித்தது. கையை உதறிவிட்டு, படியில் கால் தடுக்க ஓடி ஏறினார், அத்தனை வருடம் அங்கே இருந்த மனிதர். யாரும் சிரிக்கவில்லை.

நான் ஊர் திரும்பியும் வெகு காலம் ஆகிறது. திருச்சி பஸ் நிலையத்தில் அப்படிக் கரகரவென்று ஒரு ஹாரன் கேட்டால், பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். "உக்காருங்க, அது நம்ம வண்டி இல்ல" என்று மனைவி கையைப் பிடித்து இழுக்கிறாள். உட்கார்கிறேன். கேப்டன் அன்று என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.