திங்கட்கிழமை பாட்டில்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பாட்டிலில் மழைத் தண்ணீர் பிடித்தது.

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை. விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் நின்றது. மகாராஜபுரத்துத் தென்னந்தோப்பில், மட்டை கவியாத திறந்த இடத்தில், இடுப்புயர இரும்புக் காலின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் தலையில் புனல், வயிற்றில் ஒரு வாரத்து மழை. ஹரிகிருஷ்ணன் பெட்டியின் அடிக்குழாயைத் திறந்தான். சுந்தரம்மாள் குனிந்து பாட்டிலைப் பிடித்தாள்.

"மெதுவாத் தொறலே. பீச்சி அடிக்குது பாரு."

"இதவிடச் சின்னக் குழாயெல்லாம் கோயம்புத்தூர்ல தொறக்கேன்ம்மா."

"அங்கன சம்பளம் குடுக்கான். இங்கன குமிழி விழுந்தா ஷெரின்கிட்ட நாந்தான் பதில் சொல்லணும்."

பாட்டில் நிறைந்து தண்ணீர் விளிம்புக்கு மேலே புடைத்து நின்றது. அவள் மூடியை வைத்து இறுக்கினாள். தலைகீழாகக் கவிழ்த்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு குமிழி ஓடியது. மூடியைத் திறந்து மறுபடி நிரப்பினாள். இரண்டாவது தடவை குமிழி இல்லை. முந்தானையால் துடைத்து, தேதி எழுதி ஒட்டி வயர்கூடையில் வைத்தாள். அவன் கை கழுவப் போனான். அவ்வளவுதான்.

வழக்கமாக அன்றைக்கே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள திட்ட அலுவலகத்தில் பாட்டிலைக் கொடுத்துவிடுவாள். அன்று போகவில்லை. மறுநாள் மகன் வேலைக்குத் திரும்புகிறான். கோழி அடித்துக் குழம்பு வைக்க வேண்டும். "நாளைக்கு ஒன்ன பஸ் ஏத்திவிட்டுட்டு அப்படியே குடுத்துட்டு வாரேன்" என்றாள்.

அந்தப் பெட்டி அவள் தோப்புக்கு வந்தது அவள் கணவர் பால்ச்சாமி இறந்த மறு வருஷம். ஷெரின் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் மலையடிவாரத்தில் திறந்த இடம் தேடி ஊர் ஊராக அலைந்தாள். கான்சாபுரத்தில் கேட்டாள், கிடைக்கவில்லை. மகாராஜபுரத்திலும் ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் சங்கையா காரணத்தையும் சொன்னார்.

"இன்னைக்குப் பெட்டி வைப்பான். நாளைக்கு வேலி போடுவான். நாளன்னைக்கு, இது புலி நடமாடுற எடம், எந்திரிச்சுப் போங்கம்பான்."

சுந்தரம்மாள் ஷெரினிடமே நேராகக் கேட்டாள். "தோப்ப எடுத்துக்கிருவியளா?"

"மாட்டோம்மா."

"என் கெணத்துல ஒரு வருசம் ஊத்து வருது, மூணு வருசம் நின்னுபோகுது. ஏன்னு சொல்லுவியளா?"

"எங்களுக்கும் தெரியாதும்மா. பல நாட்டுக்காரங்க சேர்ந்து ரொம்ப நாள் பாத்தாத்தான் தெரியும். அப்பவும் முழுசாத் தெரியுமான்னு சொல்ல முடியாது."

"தெரியலன்னு சொன்ன மொத ஆளு நீதான் தாயி. வையி பெட்டிய."

அது ஒரு நாட்டின் வேலை இல்லை. நேபாளத்திலிருந்து பிலிப்பைன்ஸ் வரை சில ஆசிய நாடுகளின் அரசுகள் பங்கு போட்டு, பருவமழை மாறிவருவதைச் சேர்ந்து ஆராய்ந்தன. மழைத் தண்ணீரைச் சோதித்தால் அது எந்தக் கடலில் எழுந்தது, எந்த வழியாக வந்தது என்று ஓரளவு சொல்ல முடியும். ஆனால் வழி நெடுகப் பிடித்திருக்க வேண்டும். ஐப்பசியில் மகாராஜபுரத்தில் இறங்கும் மேகம் பல தடவை இலங்கையைத் தொட்டுத்தான் வருகிறது. அங்கே கொட்டிய மழை கையில் இல்லாமல் இங்கே பெய்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி பாட்டில், ஒரே நாள். திங்கட்கிழமை காலை.

சுந்தரம்மாளுக்குப் பிடித்தது இந்தத் திங்கட்கிழமைதான். குழாயைத் திறக்கும்போது, "இந்நேரம் நேபாளத்துக்காரன் குளிர்ல நடுங்கிக்கிட்டுத் தொறப்பான்" என்பாள். கணவர் பட்டாளத்தில் இருந்தவர். "ஒங்கப்பா அவிய எல்லையில துப்பாக்கி புடிச்சுக்கிட்டு நின்னாக. நான் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுகளோட சேந்து தண்ணி புடிக்கேன்" என்று ஹரிகிருஷ்ணனிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் சங்கையா விடமாட்டார். "என்ன சுந்தரம், திங்கக்கெழம ஆனா பாட்டிலோட கெளம்பிருத?" அவளும் விடமாட்டாள். "ஒமக்கு ராத்திரிதான பாட்டில். எனக்குக் காலையிலயே."

அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள் என்று இல்லை. பெட்டிக்குள் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக ஒரு எண்ணெய் மிதக்க வேண்டும். மண்ணெண்ணெய் மாதிரி நிலத்தடியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த, நிறமும் மணமும் இல்லாத எண்ணெய். வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் அது தடுக்கும். ஒரு வருஷம் நாடுகளின் கூட்டம் தள்ளிப்போனது. பணம் வரவில்லை, எண்ணெயும் வரவில்லை. டின் காலியானதும் சுந்தரம்மாள் யாரையும் கேட்கவில்லை. தன் தோப்புத் தேங்காயை இராஜபாளையத்துச் செக்கில் ஆட்டி வைத்திருந்த எண்ணெயை எடுத்து ஊற்றினாள். தலைக்கும் அதுதான், தாளிக்கவும் அதுதான். அதைவிடச் சுத்தமான எண்ணெய் உண்டா என்ன?

மார்கழியில் அது உறைந்து பெட்டியின் சுவரில் ஒட்டியது. குழாயைத் திறந்தபோது துணுக்குத் துணுக்காகத் தண்ணீரோடு இறங்கியது. தாய்லாந்தில் எல்லா நாட்டுப் பாட்டில்களும் போய்ச் சேரும் ஆய்வகத்தில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மகாராஜபுரத்து பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாக ஒரு அடைப்பு. அடுத்தடுத்த பாட்டில்களிலும் அதுவே. கவனிக்காமல் கருவியில் ஏற்றிவிட்டார்கள். கருவி நின்றது. அதைச் சரிசெய்து முடிக்கும்வரை மற்ற நாட்டு பாட்டில்களும் காத்துக்கிடந்தன.

நாடுகள் சேர்ந்து பேசும் வீடியோ கூட்டத்தில் இது வந்தது. பொட்டலத்தில் ஏதோ கசிந்திருக்கலாம் என்று சொல்லிப் பார்ப்போமா என்று திட்டத்தில் ஒருவர் தமிழில் மெல்லக் கேட்டார். ஷெரினின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுந்தரம்மாள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நாந்தான் ஊத்துனேன். தேங்கா எண்ணெய். கசியல, ஒழுகல. நல்லதுன்னு நெனச்சு ஊத்துனேன். நாசமாப் போச்சு."

ஷெரின் அதை இங்கிலீஷில் சொன்னாள். திரையின் மூலையில் இருந்த இலங்கை மலைநாட்டுக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், தமிழிலேயே சொன்னார்: "அம்மா, நானும் அதைத்தான் ஊற்றியிருக்கிறேன்." ஆய்வகத்தில் தேடிப் பார்த்தபோது அவர் பாட்டிலிலும் அதே வெள்ளை அடைப்பு. வேறு எந்த நாட்டிலும் இல்லை.

சிரித்தார்கள். ஆனால் தீர்ப்பு சிரிப்பாக இல்லை. இரண்டு நிலையங்களின் அந்தப் பருவத்துத் தண்ணீர் முழுவதும் கழிக்கப்பட்டது. அடுத்த வடகிழக்குப் பருவம் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல், கலப்பில்லாமல் அனுப்பினால் நிலையம் இருக்கும். இல்லாவிட்டால் பெட்டியை எடுத்துவிடுவார்கள். அந்தப் பருவம்தான் இது. இந்த ஐப்பசி.

சுந்தரம்மாளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு வந்த மகனிடம் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்: "பெட்டிய எடுத்துட்டா சங்கையா சிரிப்பான், அது போகட்டும். இலங்கைக்கும் கேரளாவுக்கும் நடுவுல இந்தக் கோடியில நம்ம பெட்டி ஒண்ணுதான் இருக்காம். அது போச்சுன்னா இந்தப் பக்கத்து மழைய யாரு பாப்பா?"

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு நெஞ்சு அடைத்தது. ஹரிகிருஷ்ணன் சங்கையாவின் காரை வாங்கி அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தான். இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போக வேண்டும். தேரடி தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏலே, பாட்டில எடுத்தியா?"

"வீட்டுல இருக்கும்மா. நாளைக்குக் குடுத்துக்கலாம். பேசாதீங்க."

அவள் பேசவில்லை. இராஜபாளையம் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மழை விட்ட இடைவெளியில் தூக்கினார்கள். ஷெரின் வந்திருந்தாள். மாலையை வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்பது ஹரிகிருஷ்ணனுக்குத் தெரிந்தது. சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு திரும்பும்போது அவனுக்கே அந்த நினைப்பு வந்தது. நேரே அடுப்படிக்குப் போனான்.

தரை கழுவி ஈரமாக இருந்தது. குடம், அண்டா, சொம்பு எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வரிசையின் கடைசியில் அந்த பாட்டிலும் கவிழ்ந்திருந்தது. மூடி தனியாக.

இழவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக் கூடாது. பிணம் தெருவைத் தாண்டியதும் பெண்கள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடுவார்கள். அதை முன்னின்று செய்தவள் அவன் அப்பாவின் தங்கை, சேத்தூரில் வாழ்க்கைப்பட்ட வெள்ளைத்தாய். அண்ணி சுந்தரம்மாளை மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

"அத்தை, இந்தக் கூடையில இருந்த பாட்டில்?"

"அதுலயும் தண்ணி இருந்துச்சு மருமகனே. ஒரு சொட்டு இருக்கக் கூடாதுல்லா. கொட்டிட்டேன்."

அவன் அங்கேயே உட்கார்ந்தான். அவள் பயந்துபோனாள். அது என்ன தண்ணீர் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறியது.

"ஐயோ, மைனி தோப்புத் தண்ணியா? எனக்குத் தெரியலையே. குடிக்கிற தண்ணின்னுல்ல நெனச்சேன்." தலையில் அடித்துக்கொண்டாள். "அவ செத்தும் அவ வேலையக் கெடுத்துட்டேனே."

"நீங்க என்ன செய்வீங்க. நான் எடுத்து உள்ள வச்சிருக்கணும்."

இரவு துக்கம் கேட்க வந்திருந்த சங்கையா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது.

"இதுக்கா தம்பி மொகத்தத் தொங்கப் போடுத? பெட்டியில இப்பவும் மழ விழுதுல்லா. திங்கக்கெழம அதுலயே ரெண்டு பாட்டில் புடி. ஒண்ணு போன வாரம்னு எழுது. ஒண்ணு இந்த வாரம்னு எழுது. மழைக்கு என்ன தேதியா ஒட்டியிருக்கு?"

ஹரிகிருஷ்ணனுக்கு அதற்குப் பதில் தெரியும். அவன் வேலையே அளவைக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான். தண்ணீரில் தேதி ஒட்டியிருக்கிறது; ஒவ்வொரு வாரத்து மழையும் சோதனையில் தனி அடையாளம் காட்டும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு வாரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கண்டுபிடிக்காமலே போகலாம். பெட்டி தோப்பில் இருக்கும். அம்மா கேட்டதும் அதுதானே.

அதன்பின் நான்கைந்து நாள் அவன் அதையே புரட்டிக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், காப்பி கொடுத்தான், அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். இடையில், அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பியதாக ஷெரின் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தத் தேங்காய் எண்ணெயைக் கசிவு என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இலங்கை வாத்தியாரும், அவள் சொன்ன பிறகு, சும்மா இருக்கவில்லை. இத்தனை நாடுகளும் பார்க்காத ஆளின் கையை நம்பித்தான் பாட்டில்களை ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தன.

திங்கட்கிழமை விடியும் முன்பே எழுந்தான். சத்தமில்லாமல் செருப்பை மாட்டினான். வாசலில் வெள்ளைத்தாய் நின்றாள்.

"பதினாறு கழியல. கொள்ளி வச்சவன் ஊர் தாண்டக் கூடாது."

"தெரியும் அத்தை."

"தோப்புக்கா, வில்லிபுத்தூருக்கா?"

"ரெண்டுக்கும்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். "குழாயத் தொறக்க ஒரு ஆளு, பாட்டில் புடிக்க ஒரு ஆளு வேணும்னு மைனி சொல்லியிருக்கா. வா."

தோப்பில் மட்டைகள் விழுந்து கிடந்தன. பெட்டி அசையாமல் நின்றது. அவன் குழாயைத் திறந்தான். வெள்ளைத்தாய் புது பாட்டிலைப் பிடித்தாள். விளிம்புக்கு மேலே தண்ணீர் புடைத்ததும் மூடியை இறுக்கி அவனிடம் கொடுத்தாள். அவன் கவிழ்த்துப் பார்த்தான். குமிழி ஓடியது.

"இன்னொரு தடவ அத்தை."

"இம்புட்டுக்கூண்டு குமிழிக்கா?"

"ஆமா."

"எம்புட்டு ஏச்சு வாங்கியிருப்பா மைனி" என்று சொல்லிக்கொண்டே மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை குமிழி இல்லை. அவன் தேதி எழுதி ஒட்டினான். வயர்கூடையில் அதை வைத்தான். பக்கத்தில் அம்மா எழுதிய தேதியோடு அந்தக் காலி பாட்டிலையும் வைத்தான். வெள்ளைத்தாய் அதைப் பார்த்தாள்.

"அத எதுக்குய்யா கொண்டு போற? ஒண்ணும் இல்லையே அதுல."

"ஒண்ணும் இல்லன்னு சொல்லத்தான் அத்தை. ஏன் இல்லங்கிறதையும் சொல்லணும். பொறவு அவங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணட்டும்."

"பெட்டிய எடுத்துட்டா?"

அவன் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

"அப்ப என் பேரையே சொல்லு" என்றாள் வெள்ளைத்தாய். "கொட்டுனது சேத்தூர் வெள்ளைத்தாய்னு சொல்லு. நீ ஊர் தாண்டுனத வீட்டுல கேட்டா நான் பாத்துக்கிடுதேன். பஸ் வந்துரும், போ."

பஸ் நிறுத்தத்தில் சங்கையா இருந்தார். வயர்கூடையைப் பார்த்தார், மொட்டைத் தலையைப் பார்த்தார். நகர்ந்து இடம் விட்டார். வத்திராயிருப்பிலிருந்து வந்த பஸ் கூட்டமாக இருந்தது. ஹரிகிருஷ்ணன் கூடையை மடியில் வைத்துக்கொண்டான். கண்டக்டர் விசிலைக் கையில் மாற்றிக்கொண்டு அருகில் வந்தார். வழக்கமாக அந்தக் கூடையோடு ஏறுகிறவளைத் தேடிக் கூட்டத்தில் ஒரு தடவை கண்ணை ஓட்டினார்.

"எங்க?"

"வில்லிபுத்தூர் ஒண்ணு" என்றான்.