பாண்டியம்மா வரும் பாகம்

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியின் டிசைன் ரூமில் சித்ரகலா வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். குழந்தைகள் டீ-சர்ட்டின் நெஞ்சில் அச்சடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது வேலை. கண்ணாடி போட்ட கரடி, பல் தெரியச் சிரிக்கிற முதலை, குடை பிடித்த தவளை. பொங்கலூரில் கோழிப்பண்ணை வைத்திருந்த மயில்சாமியின் ஒரே பெண் அவள். பாலிடெக்னிக் படித்தவள். யாரிடமும் போய் முதல் வார்த்தை பேச வராது. அப்படியே பேசினாலும் எதிரே இருப்பவர் "என்னங்க?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு நேரம்தான் அவளுக்குப் பெரிய சங்கடம். மாடியில் மெர்ச்சண்டைசர்கள், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஒரு நீள மேஜையில் உட்கார்ந்து பாதி இங்கிலீஷில் பேசிச் சிரித்துச் சாப்பிடுவார்கள். கீழே கேன்டீனில் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் கும்பலாக இருப்பார்கள். டிசைன் ரூம் நடு மாடியில் இருந்தது. மேலே போனால் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. கீழே போனால் "மேடம் வர்றாங்க" என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் கம்ப்யூட்டர் மேஜையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துகொள்வாள்.

அங்கேதான் ஒரு நாள் ஒச்சம்மாள் வந்தாள். செக்கிங்கில் வேலை. தைத்து வந்த உருப்படிகளில் ஓட்டை, கறை, அச்சுக்கோணல் பார்த்துப் பிரிப்பாள். உசிலம்பட்டிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்ன டீ-சர்ட்டைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

"இந்தக் கரடிக்கு ஒரு கண்ணு கோணலா இருக்கேத்தா. நீ வரஞ்சதே இப்பிடியா, இல்ல பிரிண்டிங்காரன் இழுத்துட்டானா?"

"வரைஞ்சது நேராத்தானுங்க இருக்குது."

"என்னது?"

"நேராத்தானுங்க இருக்குது."

ஒச்சம்மாள் டிபன் பாக்ஸைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "சுவத்தப் பாத்துக்கிட்டா திம்பாக? எந்திரி. என்ன வெஞ்சனம் கொண்டாந்துருக்க?"

வெஞ்சனம் என்றால் என்னவென்று தெரியாமல் சித்ரகலா விழித்தாள். பொரியலைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒச்சம்மாளும் சேர்ந்து சிரித்தாள். கட்டிடமே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு அது.

அதிலிருந்து இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒச்சம்மாள் பேசுவாள், சித்ரகலா கேட்பாள். முதன்முதலில் திருப்பூருக்கு வந்த கதையையும் அந்தப் படியில்தான் சொன்னாள். புருஷன் அடித்து முகம் வீங்கிப்போய், மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள், தாராபுரத்தில் திருப்பூர் பஸ் என்று நினைத்து வேறு பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர் இறக்கிவிட்ட இடம் மூலனூர். அன்று சந்தை. எங்கே பார்த்தாலும் முருங்கைக்காய்க் கட்டு.

"இம்புட்டு முருங்கக்காய என் ஆயுசுல பாத்ததில்ல. ஒரு ஏவாரிகிட்டப் போயி, அண்ணே, பனியன் கம்பெனி எங்கிட்டு இருக்குன்னேன். அந்தாளு ஒரு கட்டத் தூக்கி எங்கைல வச்சு, இங்க இதத்தானுங்க போடுவோம்ங்கிறான்! கூடியிருந்தவுகல்லாம் ஒரே சிரிப்பு. நானும் அந்தக் கட்டத் தூக்கிக்கிட்டே சந்தையச் சுத்துறேன், கம்பெனி எங்கிட்டு, கம்பெனி எங்கிட்டுன்னு."

சித்ரகலாவுக்குக் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஒச்சம்மாள் மிச்சத்தைச் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல். சுற்றும்போது இடுப்பிலும் உட்கார்ந்தபோது மடியிலுமாக அன்றைக்குப் பூராவும் கிடந்தாள். திருப்பூர் வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் புருஷன் வீட்டு ஆட்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "அதுக்குப் பெறகு காட்டவே இல்லத்தா. அன்னைக்குச் சந்தையில மடியில கெடந்தா பாரு, அதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது." சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

அந்த வருஷக் கடைசியில் சித்ரகலா பொழுதுபோக்காக ஒன்று செய்தாள். ஆபீஸ் கூட்டங்களில் படம் காட்டுகிற ஸ்லைடு மென்பொருள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்தது. ஒரு ஸ்லைடில் இருக்கிற பட்டனை அமுக்கினால் இன்னொரு ஸ்லைடுக்குத் தாவவைக்கலாம் என்று கண்டுபிடித்தாள். அதை வைத்துப் படக்கதை மாதிரி ஒரு விளையாட்டு. நாகஜோதி என்ற பெண் பனியன் கம்பெனிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறாள். ஒவ்வொரு பாகத்திலும் ஒருவரையாவது அவள் சிநேகம் பிடிக்க வேண்டும். எதிரே ஒருவர் நின்று பேசுவார். நாகஜோதி என்ன பதில் சொல்லலாம் என்று கீழே மூன்று பட்டன் இருக்கும். தப்பானதை அமுக்கினால் கூத்தாகிவிடும். வாட்ச்மேன் அவளைத் துணி திருட வந்தவள் என்று பிடித்து வைத்துக்கொள்வார். அயர்ன் மாஸ்டர் அவள் துப்பட்டாவையே பெட்டியில் மடித்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார். விளையாட்டுக்கு 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்று பெயர் வைத்தாள்.

முதல் பாகத்தை எல்லோரும் திறக்கக்கூடிய ஆபீஸ் ஷேர் ஃபோல்டரில் போட்டாள். கூடவே 'கருத்து' என்று ஒரு காலி ஃபைல். இரண்டு நாள் அது காலியாகவே கிடந்தது. அப்புறம் யார் யாரோ பெயர் போடாமல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

"வாட்ச்மேன் சூப்பருங்க. எங்க வாட்ச்மேனேதான்."

"ரொம்பச் சீக்கிரம் முடிஞ்சிருது. அடுத்த பாகம் எப்பங்க?"

"எந்தப் பட்டனை அமுக்குனாலும் கடைசில ஃப்ரெண்டு ஆயிடறாங்க. நெசத்துல அப்படி யாருங்க ஆகறாங்க?"

கடைசிக் கருத்தைச் சித்ரகலா பல தடவை படித்தாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இரண்டாம் பாகத்தில் பாண்டியம்மா வந்தாள். செக்கிங்கில் வேலை பார்க்கிற தெற்கத்திக்காரி. எதைச் சொன்னாலும் அங்கிட்டு இங்கிட்டு என்பாள். நாகஜோதி "ஏனுங்க" என்றால் "ஏணியா? எதுக்கு ஏணி?" என்று கேட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவாள். கேன்டீன் ஆள் பொரியல் வேண்டுமா என்று கேட்க, வெஞ்சனம்தான் வேண்டும் என்று சட்டியோடு நிற்பாள். பிரியத்தில்தான் சித்ரகலா அவளை வரைந்தாள். கொண்டையும், ஒரு பக்கம் தூக்கிச் செருகிய சேலையும் அச்சு அசலாக இருந்தன.

கருத்துகள் குவிந்தன. "பாண்டியம்மா வர்ற எடத்த மட்டும் நாலு தடவ வெளையாடினேன்." "இவங்கள வெச்சே தனியாப் போடுங்க." மூன்றாம் பாகத்தில் பாண்டியம்மா இல்லை. "வேஸ்ட்டுங்க" என்று ஒருவர் எழுதினார். "பாண்டியம்மா இல்லாம எதுக்குங்க வெளையாடறது?" என்றார் இன்னொருவர்.

மாடியிலிருந்து பிரதீப் இறங்கி வந்தான். மெர்ச்சண்டைசர்களில் கெட்டிக்காரன். அதுவரை அவளிடம் கரடியைப் பற்றித் தவிர எதுவும் பேசியிராதவன்.

"ஏனுங்க சித்ரகலா, அது நீங்க போட்டதுங்களா? நாங்க யாரோ ஹெட் ஆபீஸ் ஆளுன்னு நெனச்சுட்டு இருக்கறோம். மேல வாங்க, எல்லாரும் உங்களப் பாக்கோணுங்கறாங்க."

நீள மேஜையில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அவள் குரல் கேட்கவில்லை என்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். அடுத்த பாகத்தில் பாண்டியம்மா என்ன செய்வாள் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். படிக்கட்டுக்குப் போவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று, அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள். "ஆபீஸ் வேலையா இருக்கும், நீ பாருத்தா" என்று ஒச்சம்மாள் தானாகவே சொல்லிக்கொண்டாள்.

நான்காம் பாகத்துக்குச் சித்ரகலாவிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. மேஜையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தபடி மூலனூர்ச் சந்தையை வரைந்தாள். பாண்டியம்மா முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, பனியன் கம்பெனி எங்கிட்டு என்று கேட்டபடி சந்தையைச் சுற்றுகிறாள். விளையாடுபவர் எந்தப் பட்டனை அமுக்கினாலும் அவள் கையில் இன்னொரு கட்டு ஏறும். கடைசியில் ஆளே தெரியாது, முருங்கைக்காய்க் குவியல் மட்டும் நடந்து போகும். மேஜையில் சொன்னபடி முதல் ஸ்லைடில் தன் பெயரையும் முதன்முறையாகப் போட்டாள்.

அந்தப் பாகம் பென் டிரைவில் ஏறி ஊரெல்லாம் போயிற்று. பிரதீப்பின் மச்சான் வேலை பார்க்கிற கம்பெனிக்கு, அங்கிருந்து சாயப்பட்டறை ஆபீஸ்களுக்கு, பல்லடத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு. "வயிறு வலிச்சுப் போச்சுங்க" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள்.

செக்கிங்கில் சூப்பர்வைசர் ஒருவர் ஒச்சம்மாளை "முருங்கக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவளுக்கு விஷயம் தெரியாது. ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். பிறகு ஒரு நாள் காலை, அவள் மேஜையில் இருந்த உருப்படிகளுக்கு நடுவே யாரோ இரண்டு முருங்கைக்காயைச் செருகி வைத்திருந்தார்கள். வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேஜை ரோஸ்மேரிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள். "அக்கா, மேல கம்ப்யூட்டர்ல ஒங்களத்தான் படம் போட்டுருக்காங்க."

டீ நேரத்தில் ஒச்சம்மாள் டிசைன் ரூமுக்கு வந்தாள்.

"எனக்கும் அதைக் காமியேன்."

"அது சும்மா வெளையாட்டுக்குங்க்கா."

"வெளையாட்டுத்தேன். காமி."

திறந்து கொடுத்தாள். ஒச்சம்மாள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மவுஸைப் பிடிக்கத் தெரியாததால் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, "இதை அமுக்கு" என்றாள். சித்ரகலா அமுக்கினாள். ஒரு கட்டு ஏறியது. "இதை." இன்னொரு கட்டு. எல்லாப் பட்டனையும் அமுக்கச் சொன்னாள். குவியல் நடந்து போயிற்று. அறைக்கு வெளியே யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒச்சம்மாள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பிள்ளைய எங்கத்தா?"

சித்ரகலா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"மடியில பிள்ள இருந்துச்சுல்ல? ஒங்கிட்டச் சொன்னேன்ல?"

"அக்கா..."

"பிள்ள இருந்தா சிரிப்பு வராதுன்னு எடுத்துட்டியாக்கும்." அவள் குரல் உயரவில்லை. "நல்லாத்தேன் வரஞ்சிருக்க. சேலையெல்லாம் என்னோடதே கணக்கா இருக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் சித்ரகலா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். ஒச்சம்மாள் அங்கே இல்லை. கேன்டீனில் ரோஸ்மேரியோடு இருந்தாள். சித்ரகலா பக்கத்தில் போய் நின்றதும் எழுந்துவிட்டாள்.

"சொல்லுங்க மேடம். பீசுல எதுவும் பிரச்சனைங்களா?"

அத்தனை காலமாய் அந்த வாயிலிருந்து ஒரு 'ங்க' வந்ததில்லை. சித்ரகலா ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஷேர் ஃபோல்டரிலிருந்து நான்காம் பாகத்தை அழித்தாள். ஐந்தாம் பாகம் ஒன்று செய்தாள். அதில் பாண்டியம்மா மடியில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு சந்தையில் உட்கார்ந்திருக்கிறாள். நாகஜோதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறாள். அவ்வளவுதான். வேடிக்கையாக எதையும் வைக்கவில்லை. அதைச் செய்ய, முன்பு செய்த எதற்கும் ஆகாத அளவுக்கு நாள் ஆயிற்று.

"என்னங்க இது, அழுவாச்சியா இருக்குது?" என்று முதல் கருத்து வந்தது. "சிரிப்பே இல்லீங்க. பாதில மூடிட்டேன்." "பழைய பாண்டியம்மாவக் கொண்டாங்க." நீள மேஜையில் பிரதீப் நேராகவே சொன்னான்: "தப்பா நெனச்சுக்காதீங்க, ஆளுங்க டென்ஷன் போறதுக்குத்தான் இதத் தெறக்கறாங்க. நீங்க அழ வெக்கறீங்களே." அந்த ஐந்தாம் பாகத்தைக் கடைசி ஸ்லைடு வரை யாராவது பார்த்தார்களா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வேறு ஏதோ கம்பெனியில் யாரோ ஆறாம் பாகம் செய்து அனுப்பினார்கள். பாண்டியம்மாவின் சேலை அதில் அவிழ்ந்து விழுந்தது. முதல் ஸ்லைடில் சித்ரகலாவின் பெயர் அப்படியே இருந்தது. அது தன்னுடையது இல்லை என்று மேஜையில் சொன்னாள். "தெரியுமுங்க, ஆனா செம காமெடி" என்றார்கள்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் அமெரிக்காவில் என்னவோ ஆகி ஆர்டர் குறைந்தபோது செக்கிங்கில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். ஒச்சம்மாளும் போனாள். பல்லடத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறாள் என்று ரோஸ்மேரி சொன்னாள். போகலாமா வேண்டாமா என்று சித்ரகலா வெகு நாள் தயங்கினாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பல்லடத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே தறிக் கூடத்துக்குப் போனாள்.

ஒச்சம்மாள் வெளியே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. தறிச் சத்தத்தில் பேச முடியாமல் இருவரும் வேப்பமரத்தடி வரைக்கும் நடந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க்கா" என்றாள் சித்ரகலா. இந்தத் தடவை அவள் குரல் தெளிவாகவே கேட்டது.

"சரிங்க."

"நான் அப்படி நெனச்சுப் போடலீங்க்கா. உங்களப் புடிச்சதாலதான்..."

"தெரியுமுங்க. ஆருக்கும் கெடுதல் நெனக்கிற பொண்ணில்ல நீங்க." ஒச்சம்மாள் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் இரண்டு பெண்கள் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். இனிமே இங்க வராதீங்க. இந்த எடத்துல என்னைய ஆருக்கும் தெரியாது. நீங்க ஆருன்னு கேப்பாக. நா என்னன்னு சொல்ல?"

சித்ரகலா தலையாட்டினாள். ஒச்சம்மாள் உள்ளே போய்விட்டாள். பொங்கலூருக்குச் சித்ரகலா வந்து சேர்ந்தபோது அப்பா மயில்சாமி கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். "ஏங்கண்ணு இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். பஸ் கூட்டமுங்க என்றாள்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காங்கேயத்தில் அரிசி ஆலைக் கணக்குப் பார்க்கிறவர். கம்பெனியிலிருந்து மேஜைக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். மேடையில் பரிசைக் கொடுத்துவிட்டுப் பிரதீப் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினான்.

"மாப்ள, உங்களுக்குத் தெரியுங்களா, பாண்டியம்மா போட்டது இவங்கதானுங்க!"

மாப்பிள்ளை திகைத்தார். பின்னால் நின்ற அவருடைய தம்பி முன்னால் வந்தான். "அந்த முருங்கக்கா கதையா? எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இருக்குதுங்க அண்ணி! சேலை அவுந்து விழுமே, அது உங்களுதுங்களா?" என்று கத்தினான். மேடையைச் சுற்றி நின்றவர்களில் தெரிந்தவர்கள் சிரிக்க, தெரியாதவர்கள் என்ன என்ன என்று கேட்க, அவன் தோளில் கட்டு சுமப்பது போல் குனிந்து, "கம்பெனி எங்கிட்டு, கம்பெனி எங்கிட்டு" என்று நடந்து காட்டினான். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

புகைப்படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். பொண்ணு மட்டும் கொஞ்சம் சிரிக்கணும் என்றார். சித்ரகலா சிரித்தாள்.