ஆவுடையத்தையோடு ஆறுமுகநேரி உப்பளத்துக்கு

மாசி மாதத்தின் முதல் வாரம். கோயம்புத்தூர் ரயில் விடிவதற்கு முன்பே என்னைத் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வாசலில் காபி பதினைந்து ரூபாய், நாக்கு வெந்துபோகும் சூடு. சேரன்மகாதேவி டவுன் பஸ்ஸில் இடம் பிடித்தேன். இருபது கிலோமீட்டர் சொச்சம். கட்டணத்தைச் சொல்லுவது பயணக் கட்டுரைக்கு அழகு என்பதால் சொல்லுகிறேன்: பெண்களுக்கு ஒன்றுமில்லை. கண்டக்டர் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார். பத்தமடை தாண்டும்போது வெளிச்சம் வந்தது. இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் முற்றி, அறுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது.

பாபநாசம் தொடங்கி ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரை தாமிரபரணியைப் பார்ப்பது என் திட்டம். தங்குவது தோழி கோமதியின் வீட்டில். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இப்போது அங்கன்வாடி மேற்பார்வையாளர். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். கணவர் பெங்களூரில் வேலை, சனி ஞாயிறில் வந்துபோகிறார். வாரநாளில் அவளும் மாமியார் ஆவுடையம்மாளும்தான். மாமியார், மருமகள் என்றதும் மனதில் ஒரு படம் வருமே, அதை அழித்துவிடுங்கள். கோமதி செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை கையில் காபியோடு நிற்பார்.

அன்று காலை ஏழு மணி. கோமதி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், சாதாரணச் செய்தி போல ஒன்றைச் சொன்னாள். டாக்டர் எடுத்த பரிசோதனையில் அவளுக்கு அயோடின் குறைவாம். தைராய்டுக்கு மாத்திரை எழுதியிருக்கிறார். வயிற்றுப் பிள்ளையின் மூளை தாயிடமிருந்து வரும் அயோடினை நம்பித்தான் வளர்கிறது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லுகிறவள் அவள்.

"நம்ம வீட்டுல நான் வந்த நாள்லேருந்து அயோடின் உப்புதான். மீன் சாப்பிடாத வீடு, இது ஒண்ணுதான் வழின்னு அத்தைட்ட சண்டை போட்டு மாத்துனேன். பெறகு எப்படிக் குறையும்? இன்னும் பத்து நாள் கழிச்சுத் திரும்பப் பாக்கணுமாம்." சொல்லும்போது சிரித்தாள். கை வயிற்றை விட்டு நகரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவளுக்கும்தான்.

அவள் போனபிறகு ஈரத்துண்டைக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கே வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் கல் உப்பைப் பரப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை, தண்ணீர் சொட்டியபடி. இது என்ன என்று, பின்னாலேயே படியேறி வந்த அத்தையிடம் கேட்டேன்.

"உப்பு கழுவிக் காயப்போட்டுருக்கேன். கழுவாம எப்படிட்டி அடுப்புல போடுதது? மண்ணு கெடக்கும்லா."

கடையில் சாக்கு உப்பைப் படியில் அளந்து வாங்கிய காலத்துப் பழக்கம் அது. கூடையில் கொட்டி, நாலு தண்ணீர் மாற்றி அலசி, வெயிலில் காய வைப்பார்கள். சாக்கு போய் அயோடின் கலந்த கல் உப்புப் பாக்கெட் வந்தது. கழுவும் பழக்கம் மட்டும் போகவில்லை. கோமதியின் அம்மா வீட்டிலும் இதே வழக்கம். அதனால் தினமும் துணி காய்வதைப் பார்ப்பது போல இதையும் பார்த்துவிட்டு அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு வெளியூர்க் கண். அது உறுத்தியது.

சாயங்காலம் கோமதி பையை இறக்கியதும், ஊர்களில் உப்பைச் சோதிக்க அவள் கொண்டுபோகும் மருந்துக் குப்பியைக் கேட்டேன். உப்பில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்கும் உப்பு நீலமாகும். பாக்கெட்டிலிருந்து நேராக எடுத்த உப்பில் விட்டாள். கத்தரிக்காய்த் தோல் போல ஊறி நீலமானது. மாடியில் காய்ந்த உப்பில் விட்டாள். வெள்ளை. இன்னொரு சொட்டு. அதுவும் வெள்ளைதான்.

கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாங்குங்க வாங்குங்கன்னு எத்தனை ஊர்ல சொல்லிருப்பேன். கழுவாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே."

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணியில போறதுக்கு அது என்ன சாயமா? அந்த மருந்துலதான் கோளாறு இருக்கும். என் மருமவளுக்கு நான் என்ன கொற வச்சேன்?"  எழுந்து பூஜை அறைக்குப் போய்விட்டார். அன்று யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் பாபநாசம் போகத் தயாராக நின்றபோது, அத்தை பட்டுக்கரைச் சேலையில் வெளியே வந்தார். கையில் தூக்குவாளி.

"ஒன் ஆறு எங்கயும் ஓடிராது. மொதல்ல அந்த உப்பு செய்யுத எடத்துக்குக் கூட்டிட்டுப் போ. என் கண்ணால பாக்கணும்."

இப்படித்தான் என் திட்டம் தலைகீழானது. ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர், ஆறுமுகநேரிக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். ஜன்னலோரம் அத்தைக்கு.  ஆழ்வார்திருநகரியில் கோபுரத்தைப் பார்த்ததும், "இது பெருமாள் ஊரு, நாம சைவம். இருந்தாலும் பிள்ளைக்காரியா நின்னு கேட்டா கொடுப்பாரு" என்று கும்பிட்டார். பிறந்ததிலிருந்து தின்கிற உப்பு விளையும் இடத்தை அவர் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டேஷனிலிருந்து உப்பளத்துக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். உப்பளம் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று கேட்டார் ஓட்டுநர். "ஆமா. எல்லாரும் கடலு பாக்க வாராவ, நாங்க உப்பு பாக்க வந்துருக்கோம்" என்றார் அத்தை. 

வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. நாங்கள் ரயிலில் வரும்போதே கோமதி தன் அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்கியிருந்தாள். பொதி கட்டும் கொட்டகையில் மேலாளர் எங்களை ஓடும் பட்டையின் அருகே நிறுத்தினார். உப்பு அதன் மேல் நகர்ந்து போனது. மேலே ஒரு குழாய். அதிலிருந்து அயோடின் கரைசல், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பது போல, உப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார் அத்தை.

"இம்புட்டுத்தான் ஆச்சி. கல்லுக்குள்ள போகாது. மேலாப்புல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"அப்போ தண்ணி ஊத்திக் கழுவுனா?"

"போயிரும்லா. மண்ணு தூசியெல்லாம் நாங்க இங்கனயே கழுவிட்டுத்தான் இத தெளிக்கோம். நீங்க திரும்பக் கழுவ வேண்டாம்."

அத்தை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் மோர் கொடுத்தார். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

திரும்பும் ரயிலில் எனக்கு நல்ல பசி. தூக்குவாளியைத் திறந்தார். தயிர்சோறு, மேலே மாவடு. ஒரு கவளம் எடுத்தவர் கையை நிறுத்தினார்.

"இதுலயும் கழுவுன உப்புதான் கெடக்கு" என்றார். "ஏழு வருசமா பாத்துப் பாத்து ஆக்கிப் போட்டேன்டி. சத்தையெல்லாம் நானே சாக்கடையில ஊத்திருக்கேன்." கண்ணீரைத் துடைக்கவுமில்லை.  அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் கையை விடுவித்துக்கொண்டு, முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். "சரி, சாப்பிடு. இனி பாத்துக்கிடுவோம்."

அந்தப் 'பாத்துக்கிடுவோம்' என்ன என்பதை வீட்டுக்குப் போனதும் பார்த்தேன். மூங்கில் கூடை மாட்டுக்கொட்டகைக்குப் போனது. உப்புச் சாடி அடுப்பங்கரை மேடையிலிருந்து தள்ளி, மூடி போட்டு, நிழலான மாடத்தில் உட்கார்ந்தது. குழம்பு இறக்கும் தறுவாயில்தான் உப்பு; சூட்டிலும் வெயிலிலும்கூட அயோடின் குறையும் என்று கோமதி சொல்லியிருந்தாள். கோமதி சாப்பிட உட்கார்ந்தால் அத்தை எதிரே உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாளா என்று தட்டையே பார்த்தார்.

நான் பாபநாசம் போனேன், அருவியில் நனைந்தேன், புன்னைக்காயலில் ஆறு கடலோடு கலப்பதையும் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மனம் மட்டும் சேரன்மகாதேவியில் கிடந்தது. பத்து நாள் ஆனதும் கோமதி மறுபரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வரும் நாளில்தான் வளைகாப்பு.

அன்று காலை எட்டு மணி. பந்தலுக்குப் பின்னால் தவசுப்பிள்ளை சண்முகம் அண்ணாச்சி சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். இந்த ஊர்ச் சைவ வீடுகளில் சமையலுக்கு வருகிறவரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். சொதி இல்லாமல் இங்கே விசேஷம் இல்லை. அவர் உப்புப் பாக்கெட்டைப் பிரித்து, பழக்க தோஷத்தில் தண்ணீர் வாளியை இழுத்தார். அத்தை வாளியைக் காலால் நகர்த்தினார்.

"கழுவப்படாது."

"ஆச்சி, இந்த உப்ப அப்படியே போட்டா சொதி திரிஞ்சிரும்."

"திரிஞ்சா அம்புட்டையும் நானே குடிச்சுக்கிடுதேன். இறக்கும்போது போடும்."

சொதி திரியவில்லை. இஞ்சிப் பச்சடியோடு நான் மூன்று முறை வாங்கினேன். சண்முகம் அண்ணாச்சி தானே ஒரு கரண்டி ருசித்துவிட்டு, அதே உப்போடு அடுத்த அண்டாவுக்குப் போனார்.

பந்திக்கு முன்பு ஒரு காரியம் நடந்தது. வளையல் போட வரும் பெண்கள் எல்லாரும் அவரவர் வீட்டு உப்பில் ஒரு சிட்டிகை கொண்டுவர வேண்டும் என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். உப்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வருமே! அதனால் முற்றத்தில் ஒரு தலைவாழை இலை. ஒவ்வொருத்தியும் தன் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இலையில் தனக்கென்று ஓரிடத்தில் வைத்தாள். அத்தை குப்பியோடு குனிந்து சொட்டு விட்டுக்கொண்டே போனார். கோமதி கை நிறைய வளையலோடு நாற்காலியில் இருந்து விளக்கம் சொன்னாள். இலையில் பாதிக்கு மேல் வெள்ளை. அதில் பலரும் நல்ல உப்பு வாங்கிக் கழுவுகிறவர்கள்.

"ஒங்க வீட்டு உப்பு எப்படி ஆச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க வீட்டுல எப்பவும் நீலந்தான்" என்றார் அத்தை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். கோமதி என்னைப் பார்த்தாள். நான் பந்தல் தோரணத்தைப் பார்த்தேன்.

பந்தி நடக்கும்போது கோமதியின் போன் அடித்தது. டாக்டர். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் இலையில் கை வைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "சரிங்க டாக்டர், மாத்திரையும் விடாமச் சாப்பிடுதேன்" என்று வைத்துவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த அத்தையிடம், "அயோடின் சரியாயிட்டாம். பிள்ளை நல்லா வளருதாம்" என்றாள். அத்தை கரண்டியை வாளியில் போட்டுவிட்டு மருமகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். வளையல்கள் கலகலத்தன. பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். பாபநாசத்து அருவியில் நின்றபோதுகூட எனக்கு அது வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினேன். எங்கள் கோவைப் பக்கம் வழியனுப்ப வருகிறவர்கள் பஸ் கிளம்பியதும் கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆவுடையத்தை என்னோடு பஸ்ஸில் ஏறிவிட்டார். ஜங்ஷன் வரை வருகிறாராம். ஏறியவர் என் பக்கத்தில் உட்காரவுமில்லை. இருக்கை இருக்கையாகப் போய்ப் பெண்களிடம் உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பத்தமடையில் ஒரு சின்னப் பெண் ஏறினாள். மாசமாக இருந்தாள், ஆறு மாதம் இருக்கும். என் பக்கத்தில் தனக்கென்று இருந்த இடத்தை அத்தை அவளுக்குக் கொடுத்து, உப்பைக் கழுவுவாளா என்று கேட்டார். எங்க மாமி தினமும் கழுவுவாங்க என்றாள் அவள். கழுவக் கூடாது என்று அத்தை சொல்ல, அந்தப் பெண் நம்பாமல் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கணும்னுதானே மாமி கழுவுதாங்க? அதுல என்ன கெட்டுப்போகும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படித்தான் சொன்னார்.

"ஏழு வருசம் கழுவி ஊத்துனவ நாந்தான் தாயி."