முகவரி உண்டு, எண்ணிக்கை இல்லை

டென்மார்க்கின் ஒடென்சே நகரில், எங்கள் அலுவலகத்தில் நானும் ஒரு டேனிஷ்காரரும் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். குளிரறைகளின் வெப்பநிலையை அளக்கும் நிரலை நான் சி மொழியில் எழுதுகிறேன். அந்த எண்களை வாங்கித் திரையில் காட்டும் நிரல் அவருடையது, அது பைத்தான். எண் வரிசையைக் கைமாற்றும்போது கணினி நினைவகத்தில் முதல் எண் இருக்கும் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி. மொத்தம் எத்தனை எண்கள் என்பதையும் சேர்த்துத் தா என்பது அவர் கட்சி.

பைத்தான் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை, எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும் என்று எனக்கு எரிச்சல். முகவரியை மட்டும் கொடுத்தேன். அவர் எண்ணிக்கை தெரியாமல் ஒரு குத்துமதிப்பில் வாசித்தார். வரிசை முடிந்த பிறகும் வாசிப்பு ஓடி, அடுத்திருந்த குப்பையை எல்லாம் அள்ளியது. திரையில் ஒரு மீன் குளிரறை சூரியனைவிடச் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சமாதானமாகப் போகலாம் என்று, தேவாலயத்தில் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்துக்கு அவரை அழைத்தேன். "குடும்பத்தோடு வாருங்கள்" என்பதை அப்படியே டேனிஷில் சொல்லி, மண்டபத்தின் முகவரியையும் கொடுத்தேன்.

"எத்தனை பேர்?" என்று கேட்டார். இந்த மனிதனுக்கு வேறு கேள்வியே தெரியாதா!

"குடும்பம் என்றால் குடும்பம்தான்" என்றேன்.

வீட்டில் மனைவி லீவு போட்டு, இறைச்சிக்கறி வைத்துப் பொரிக்கும் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். "அந்த டேனிஷ்காரர் எத்தினை பேரோடை வாறார்? சாப்பாடு போதாமல் போனா சனம் வருசக்கணக்காக் கதைக்கும். எனக்கு அந்த மானக்கேடு வேண்டாம்."

"மனுசியும் பிள்ளையும்தானே. மூண்டு பேர்."

அவர் வந்தார். பின்னால் மனைவி, பிள்ளை. அவர்களுக்குப் பின்னால் தாய், தாயின் காதலர், அக்கா, அக்காவின் முன்னாள் கணவர், அவருடைய இந்நாள் மனைவி, அந்த மனைவியின் பிள்ளைகள். கதவு மூடுவதாக இல்லை. எல்லோர் கையிலும் பூங்கொத்து, எல்லோர் முகத்திலும் நல்ல பசி.

மனைவி என்னை இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்தாள். "எத்தினை பேர் எண்டு நீங்கள் கேக்கேல்லையோ?"

ரோல்ஸை எல்லாம் பாதியாக வெட்டினாள். நான் பட்டினி கிடந்தேன். எப்படியோ மானம் தப்பியது.

திங்கட்கிழமை முதல் வேலையாக, முகவரியோடு எண்ணிக்கையையும் அனுப்பும்படி என் நிரலைத் திருத்தினேன். குளிரறை குளிர்ந்தது. அவர் எதுவும் குத்திக்காட்டவில்லை. ரோல்ஸ் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

"முகவரி, எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி" என்றேன். "எண்ணிக்கை, பூச்சியம்."